நேர்முடி என்று நம்பி வெட்டிய பேங்ஸ்: ஒரே வீட்டின் மூன்று நெற்றிகள்

போன செப்டம்பர் கடைசி வாரம், ஒரு சனிக்கிழமை மதியம், வேளச்சேரியில் இருக்கும் என் பார்லருக்கு ஒரு பெண் வந்தாள். வயது 26, ஓஎம்ஆரில் ஐடி வேலை, தினமும் ஸ்கூட்டியில் போய்வருகிறவள். துணைக்கு அம்மா, கூடவே காலேஜ் படிக்கும் சித்தி மகள். போனில் ஒரு கொரியன் சீரியல் நாயகியின் படத்தைக் காட்டி, "அக்கா, இதே மாதிரி விஸ்பி பேங்ஸ் வேணும். நெத்தி தெரியணும், ஆனா தெரியக் கூடாது" என்றாள். விஸ்பி பேங்ஸ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நானும் இதையேதான் சொல்கிறேன். திரை போட்ட மாதிரி அடர்த்தியாக இல்லாமல், பத்துப் பதினைந்து மெல்லிய கீற்றுகளாக நெற்றியில் விழுந்து இடையிடையே தோல் தெரிகிற முன்முடி, அவ்வளவுதான்.

இந்தக் கேஸை உட்கார்ந்து எழுதக் காரணம் அது அழகாக முடிந்தது என்பதல்ல. முதல் தடவை நான் சொதப்பினேன். 14 வருஷமாகக் கத்தரி பிடிக்கிறேன், அப்படியும் ஒரு சின்ன விஷயத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

முதலில் முகம். அவளுக்கு நெற்றி அகலம், கன்ன எலும்புக்குக் கீழே சட்டென்று ஒடுங்கி தாடை கூராக முடியும். இதய வடிவம் என்று பார்லர் முகவடிவ சார்ட்டில் போட்டிருப்பார்களே, அதேதான். புருவத்துக்கு மேலே என் விரலை வைத்து அளந்தால் நெற்றி முழுசாக நான்கு விரல் உயரம், கிட்டத்தட்ட 7 செ.மீ. பேங்ஸ் வைக்கிறதற்கு இதைவிட வாகான நெற்றி கிடைக்காது. முடி முதுகின் பாதி வரை, நேராக, பளபளவென்று இருந்தது. "ஸ்மூத்தனிங் பண்ணிருக்கியா?" என்று கேட்டேன், அதாவது மருந்து போட்டு முடியை நேராக்கியிருக்கிறாளா என்று. "போன டிசம்பர்ல, அக்கா" என்றாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். தப்பு அங்கேதான் தொடங்கியது.

தலைக்குத் தண்ணீர் அடித்து, சீப்பால் இழுத்து வாரி, நடுவில் முக்கோணமாகப் பிரித்து, புருவத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்படி வெட்டி, ப்ளோ டிரை பண்ணி, ரோலர் வைத்து எடுத்தேன். படத்தில் இருந்த பெண்ணே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. செல்ஃபி எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள். ஞாயிறு ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. தலைக்குக் குளித்துவிட்டுக் காயவிட்டிருக்கிறாள். பேங்ஸ் புருவத்தை விட்டு ஒன்றரை விரல் மேலே ஏறி, வலது பக்கம் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கொம்பு மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. கீழே ஒரே ஒரு வரி: "அக்கா நாளைக்கு ஆபீஸ் இருக்கு."

மறுநாள் காலை ஏழரைக்கு அவளுக்காகவே கடையைத் திறந்தேன். எண்ணெய் வேண்டாம், அயர்ன் வேண்டாம், சீரம் வேண்டாம், அப்படியே வா என்று சொல்லியிருந்தேன். ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, பேங்ஸுக்குப் பின்னால் இருந்து ஒரு கற்றையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வேரிலிருந்து அரைச் சாண் தூரத்துக்கு வளைவு, வளைவு, வளைவு என்று மூன்று. அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர். பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

விஷயம் இதுதான். முடி மாதத்துக்குச் சுமார் ஒன்று, ஒன்றேகால் செ.மீ. வளரும். டிசம்பரில் ஸ்மூத்தனிங் செய்த தலையில் செப்டம்பருக்குள் பத்து, பதினொரு செ.மீ. புது முடி வந்திருக்கும். மருந்து பட்டது பழைய முடியில் மட்டும்; புதுசாக வளர்ந்தது அவளுடைய பிறவி முடி, அதாவது அலை முடி. பேங்ஸ் என்பது எந்தப் பகுதி? நெற்றிக்கோட்டில் இருக்கும் முடிக்கு 7 செ.மீ., முக்கோணத்தின் பின்முனையில் இருக்கும் முடிக்கு 10 செ.மீ. ஆக, அவள் காசு கொடுத்து வாங்கிய நேர்முடியை முழுக்க வெட்டிக் குப்பையில் தள்ளிவிட்டு, அலை முடியை மட்டும் நெற்றியில் விட்டிருக்கிறேன். அதுவரை அந்த அலை ஏன் கண்ணில் படவில்லை? கீழே தொங்கும் ஒன்றரை அடி முடியின் கனம் அதை இழுத்துப் பிடித்திருந்தது, காலையில் போட்ட அயர்ன் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. கனம் போனதும் ஸ்பிரிங் மாதிரி மேலே ஏறிவிட்டது. போதாததற்கு நான் வெட்டியதோ ஈரமாக இருக்கும்போது. ஈர முடி இழுத்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். நேர்முடிக்கு அந்த வித்தியாசம் அரை செ.மீ. கூட வராது, அலை முடிக்கு இரண்டு, இரண்டரை செ.மீ. அசால்ட்டாகப் போய்விடும்.

அப்புறம் அந்தக் கொம்பு. வலது நெற்றிக்கோட்டில் அவளுக்கு ஒரு சுழி. உச்சந்தலைச் சுழியை எல்லாருக்கும் தெரியும், ஒற்றைச் சுழியா ரெட்டைச் சுழியா என்று பிறந்ததுமே பாட்டி பார்த்துவிடுவார். முன்நெற்றிச் சுழியை யாரும் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் முடி முளைக்கும்போதே மேல்நோக்கித் திரும்பி முளைக்கும். நீளமாக இருக்கும்வரை கனத்தில் படிந்து கிடக்கும், குட்டையாக வெட்டினால் நிமிர்ந்துவிடும். ஈரத்தில் வாரி ஒட்டிவைத்துவிட்டதால் அதுவும் என் கண்ணுக்குத் தப்பியது.

இந்த இடத்தில் முகவடிவம் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வட்டம், நீளம், சதுரம், இதயம், முட்டை என்று ஐந்து படம் போட்ட சார்ட் எல்லா பார்லரிலும் தொங்குகிறது, என் கடையிலும் உண்டு. அதில் இருப்பது பொய் இல்லை. ஆனால் அது இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது. முடி எந்தப் பக்கம் முளைக்கிறது, எவ்வளவு அடர்த்தி, காய்ந்தால் எவ்வளவு சுருங்குகிறது என்பதைப் பார்த்து முடித்த பிறகுதான் முகம் வட்டமா நீளமா என்ற பேச்சே. இந்தப் பெண்ணின் முகவடிவத்தை நான் சரியாகத்தான் பார்த்தேன், அதனால் அவளுக்கு என்ன பிரயோஜனம்?

சரி, வெட்டியதை ஒட்ட முடியாது. "பேங்ஸுக்கு மட்டும் மறுபடி ஸ்மூத்தனிங் போட்டுடுங்க" என்று கேட்டாள். முடியாது என்றேன். நெற்றித் தோலை ஒட்டி, கண்ணுக்கு மேலே அந்த மருந்தைத் தடவ எனக்கு மனசு வராது. போட்டாலும் குட்டை முடி தட்டையாக, உயிரில்லாமல் ஒட்டிக்கொள்ளும், இரண்டு மாதத்தில் வேரில் மறுபடி அலை வரும். அதற்குப் பதிலாக, இரண்டு ஓரத்திலும் நெற்றிப்பொட்டுப் பக்கமிருந்து கொஞ்சம் முடியை எடுத்து கன்ன எலும்பு வரை சரிவாக இறக்கினேன். நடுவில் குட்டை, ஓரத்தில் நீளம் என்று ஆனதும் வேண்டுமென்றே அப்படி வெட்டிய மாதிரி ஒரு தோற்றம் வந்தது. மிச்சம் ஆறு வாரப் பொறுமை.

அந்த ஆறு வாரத்துக்கு அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று, காயவைக்கும் முறை. தலைக்குக் குளித்ததும் டவல் சுற்றிக்கொண்டு காபி குடிக்கப் போகக் கூடாது, முதல் வேலை பேங்ஸ்தான். டிரையரின் காற்று மேலிருந்து கீழே அடிக்க வேண்டும், விரலால் முடியை இடது பக்கம் ஒரு தரம், வலது பக்கம் ஒரு தரம் என்று நெற்றியோடு ஒட்டித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சுழி எந்தப் பக்கம் போவது என்று குழம்பி நடுவில் படிந்துவிடும். கடைசியில் பத்து விநாடி குளிர்காற்று. முடியின் வடிவத்தைப் பிடித்துவைக்கும் பிணைப்புகளில் ஒரு வகை தண்ணீர் பட்டால் அவிழும், காயும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி கட்டிக்கொள்ளும். அதனால்தான் காயும் அந்த மூன்று நிமிஷம் முக்கியம். அதனால்தான் நம் சென்னையில், அதுவும் ஐப்பசி மழைக்காலத்தில், காலையில் போட்ட ஸ்டைல் மதியம் நிற்பதில்லை. காற்றில் இருக்கும் ஈரமே போதும் அவிழ்த்துவிட. சியோலில் பெண்கள் முன்முடியில் ரோலரை மாட்டிக்கொண்டே தெருவில் நடந்து போவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நாம் ஆசைப்படும் பேங்ஸுக்குள் அந்த ரோலரும் சேர்த்திதான், போட்டோவில் அது தெரியாது.

ஹெல்மெட் தனிக் கதை. பேங்ஸைக் கீழே விட்டு ஹெல்மெட் போட்டால் வியர்வையில் நனைந்து, நெற்றியில் அச்சடித்த மாதிரி காய்ந்துவிடும். மேலே தூக்கிப் பின்னால் வாரிவிட்டு மெல்லிய காட்டன் துணி கட்டி அதன்மேல் ஹெல்மெட் போடச் சொன்னேன். ஆபீஸ் போனதும் பாத்ரூமில் விரலைத் தண்ணீரில் நனைத்து வேரில் மட்டும் தடவி, மறுபடி இடம் வலம் தள்ளினால் போதும்.

நவம்பரில் இரண்டாவது வெட்டு. இந்தத் தடவை அவள் வீட்டிலேயே குளித்து, ஃபேன் காற்றில் காயவிட்டு வந்தாள். தண்ணீர் பாட்டிலை நான் தொடவே இல்லை. சீப்பை உச்சந்தலையில் படுக்கவைத்துப் பார்த்தால், தலை முன்பக்கமாகச் சரியத் தொடங்கும் இடத்தில் சீப்பு அந்தரத்தில் நிற்கும். முக்கோணத்தின் முனை அதைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. விஸ்பி என்றால் அவ்வளவுகூடத் தேவையில்லை, அவளுடைய அடர்த்திக்கு நெற்றிக்கோட்டிலிருந்து இரண்டரை செ.மீ. ஆழம் எனக்குப் போதுமானதாக இருந்தது. நடுவை மூக்குத்தண்டுக்கு நேராக வைக்காமல் ஒரு விரல் இடது பக்கம் தள்ளினேன், சுழி மேல் இருக்கும் முடியை நீளமாகவே விட்டேன். கனம் இருந்தால் அது அடங்கிக் கிடக்கும். இழுத்துப் பிடித்தால் மூக்கின் பாதி வரை வருகிற அளவுக்கு வெட்டினேன். விட்டதும் சரியாகப் புருவத்தில் வந்து உட்கார்ந்தது. கத்தரியை நெட்டுக்குத்தாகப் பிடித்து நுனியை மட்டும் கொத்திக்கொத்தி எடுத்தேன். முடியின் அடர்த்தியைக் குறைக்கிற, பல் வைத்த தின்னிங் கத்தரியைத் தொடவில்லை. விஸ்பி என்றதும் எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள், நேரான அடர்ந்த முடிக்கு அது ஓகே. அலை முடியில் அதைப் போட்டால் உள்ளே வெட்டுப்பட்ட குட்டை முடிகள் சுருண்டு, மேலே இருக்கும் முடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், மெல்லிசு ஆக வேண்டியது புஸ்ஸென்று உப்பும். மெல்லிசு வேண்டுமென்றால் எடுக்கும் முடியையே குறைவாக எடுக்க வேண்டும், எடுத்துவிட்டு உள்ளே செதுக்கக் கூடாது. இதய முகத்துக்கு ஓரங்கள் கன்ன எலும்பைத் தொட்டு முடிந்ததால் நெற்றியின் அகலம் இரண்டு பக்கமும் மறைந்தது, கூர்த் தாடை அவ்வளவு கூராகத் தெரியவில்லை.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை, அந்தச் சித்தி மகள், "எனக்கும் இதே கட், அக்கா" என்றாள். அவளுக்கு எல்லாமே நேர்மாறு. வட்ட முகம், மூன்று விரலுக்கும் குறைந்த நெற்றி, பட்டு நூல் மாதிரி மெல்லிய நேர்முடி, மூக்குக் கண்ணாடி வேறு. அக்காவுக்கு வெட்டியதையே அவளுக்கு வெட்டினால், வட்ட முகத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்து முகம் இன்னும் குட்டையாகத் தெரியும், முடி நுனி கண்ணாடி ஃபிரேமில் இடித்து நாள் முழுக்கக் கண்ணைக் குத்தும். அதனால் புருவம் வரை என்ற பேச்சையே எடுக்கவில்லை. நடுவில் பிரிந்து, கண்ணாடிக்கு வெளியே வளைந்து, கன்ன எலும்புக்குக் கீழே போய் முடிகிற மாதிரி நீளமாக இறக்கினேன். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு நெற்றி நெட்டுக்குத்தாகத் தெரியும், அதுதான் வட்ட முகத்துக்கு நீளம் கொடுக்கும். மெல்லிய முடிக்குக் கொஞ்சம் ஆழமாகவே முக்கோணம் எடுக்க வேண்டியிருந்தது. குறைவாக எடுத்தால் எலிவால் மாதிரி நாலு இழை தொங்கும். வெட்டு நன்றாக வந்தது, பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. மூன்று வாரம் கழித்து நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாகப் பரு. விசாரித்தால், ராத்திரி தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுக்கிறாள், பேங்ஸ் அந்த எண்ணெயை விடிய விடிய நெற்றியில் தேய்க்கிறது. எண்ணெய் வைக்காதே என்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை, அம்மாக்கள் விடமாட்டார்கள். முன்முடியை விட்டுவிட்டுப் பின்னால் வை, வைக்கிற ராத்திரி பேங்ஸைத் தூக்கிக் கிளிப் போட்டுக்கொள், காலையில் வாஷ்பேசினில் முன்முடியை மட்டும் இரண்டு துளி ஷாம்பூவில் அலசு என்றேன். ஒரு மாதத்தில் பரு அடங்கியது.

சதுர முகம் இந்த வீட்டில் இல்லை. அதற்கு நுனி வளைவாக இருந்து ஓரம் தாடை நோக்கி இறங்கினால் போதும். முட்டை முகத்துக்கு எது வெட்டினாலும் நிற்கும், அவர்களைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பொறாமை. நல்ல சுருட்டை முடிக்காரர்கள் கேட்டால் சீப்பையே எடுக்கக் கூடாது, காய்ந்த நிலையில் எந்தெந்தச் சுருள் நெற்றியில் விழ வேண்டும் என்று விரலால் எண்ணி எடுத்து, ஒவ்வொரு சுருளாக, கண்ணுக்குக் கீழே வரை நீளம் விட்டு வெட்ட வேண்டும். ஐந்தாறு சுருள் போதும். அதை அயர்ன் போட்டு நேராக்கி வெட்டித்தரச் சொன்னால் நான் செய்வதில்லை. தினமும் அயர்ன் போட வேண்டிவரும், நெற்றிமுடி தாங்காது.

மூன்றாவது, அம்மா. வயது 52. முதல் நாளிலிருந்தே அவருக்கு இது பிடிக்கவில்லை. "நெத்தியை மறைச்சா பொட்டு எங்கடி வைப்ப?" என்று மகளிடம் சண்டை. ஆனால் இரண்டாவது வெட்டு முடிந்ததும் கண்ணாடியில் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எங்க காலத்து சாதனா கட் தானேம்மா?" என்றார். கிட்டத்தட்ட அதேதான். 1960இல் வந்த 'லவ் இன் சிம்லா' இந்திப் படத்தில் நடிகை சாதனாவின் அகலமான நெற்றியை என்ன செய்வது என்று இயக்குநர் ஆர்.கே. நய்யார் யோசித்து, ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் முன்முடியைப் பார்த்து வெட்டவைத்தது அது. ஒரு நெற்றிக்காக யோசித்து வெட்டியது ஊரெல்லாம் பரவி, தமிழ்நாட்டு பார்லர்களில் இன்றைக்கும் முன்முடி வெட்டு என்றாலே சாதனா கட் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சாதனா நெற்றி இல்லாதவர்களும் கேட்பார்கள், அதுதான் சிக்கல்.

அம்மாவுக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. நீள முகம், உயர்ந்த நெற்றி. நீள முகத்துக்கு நெற்றியில் குறுக்கே விழும் முடி நீளத்தைக் கொஞ்சம் வெட்டிக் காட்டும், நடுவில் இடைவெளி விடக் கூடாது. தயக்கம் முடியைப் பார்த்துத்தான். நடு வகிடு அகலமாகிக்கொண்டே வருகிறது, முன்பக்கம் அடர்த்தி குறைவு. இருக்கும் கொஞ்சத்தையும் நெற்றிக்கு இழுத்துவிட்டால் பின்னால் தலைத்தோல் தெரியும். "திடீர்னு கொத்துக்கொத்தா கொட்டுதாம்மா?" என்று கேட்டேன். அப்படியிருந்தால் வெட்டாமல் தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். இல்லை, வருஷக்கணக்காக மெல்ல மெல்ல என்றார். அன்றைக்கு வெட்டவில்லை. முடியை உச்சியில் தூக்கிக் கட்டி, நுனியை நெற்றியில் விழவைத்துக் கண்ணாடியைக் காட்டினேன். வீட்டில் போய் அவர் கணவரிடமும் அதே மாதிரி கட்டிக் காட்டியிருக்கிறார்.

அடுத்த வாரம் வந்தார். வகிட்டை நடுவிலிருந்து ஒன்றரை விரல் பக்கவாட்டில் மாற்றியதும் அகலமான பழைய வகிடு மூடிவிட்டது, பாதி வேலை அங்கேயே முடிந்தது. எடுத்த முடி ஒரு பென்சில் கனம்கூட இருக்காது. நெற்றியோரத்தில் இருந்த நரைமுடிகள் கம்பி மாதிரி விறைத்து நின்றன. அவற்றை மட்டும் வெட்டாமல் பின்னால் சேர்த்து வாரிவிட்டேன். நீளம் புருவத்துக்கு ஒரு நூல் மேலே. புருவ மத்தியில் ஸ்டிக்கர் பொட்டு பளிச்சென்று தெரிந்தது. குங்குமம் வைக்கிற நாளில் முடியைக் கையால் தூக்கிப் பிடித்து வைத்துவிட்டு, பொடி உதிர்ந்த பிறகு கீழே விடச் சொன்னேன்.

தை மாதம் அவர்கள் வீட்டில் ஒரு கல்யாணம், போட்டோ அனுப்பினார்கள். மகளின் பேங்ஸ் அலையோடு புருவத்தில் நிற்கிறது, கொம்பு இல்லை. பிப்ரவரியில் அவளே வந்து மறுபடி ஸ்மூத்தனிங் வேண்டும் என்றாள். முன்முடியைக் கிளிப் போட்டுத் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் செய்தேன். தங்கை காலேஜ் ஆண்டுவிழாவோடு சலித்துப்போய் வளர்க்கத் தொடங்கிவிட்டாள், நீளமாக வெட்டியதால் இரண்டே மாதத்தில் காதுக்குப் பின்னால் செருகும் அளவுக்கு வந்துவிட்டது.

பேங்ஸ் என்று போனில் புக் பண்ணுகிறவர்களிடம் இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முந்தின நாள் தலைக்குக் குளித்து, தானாகக் காயவிட்டு, எண்ணெய், அயர்ன் எதுவும் இல்லாமல் வாங்க. மூன்று பேரில் நாலு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் டிரிம்முக்கு வருவது அம்மாதான். போன தடவை பக்கத்து வீட்டு மாமியையும் சாதனா கட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமி தலையில் காலையில் வைத்த நல்லெண்ணெய் நெற்றி வரை வழிந்திருந்தது. நாளைக்குக் குளித்துவிட்டு வாங்க மாமி என்று இரண்டு பேரையும் திருப்பி அனுப்பினேன்.